மோவாட்டின் பந்து விழுந்த இடம்

கடலோரத்தில் கோல்ஃப் ஆடுகிறவன் காற்றைத் திட்டக் கூடாது. திட்டுகிறவனைப் பார்த்தால் வெளியூர்க்காரன் என்று நான் முடிவு செய்துவிடுவேன். எங்கள் ஊர் கின்னேவியில் காற்று காலையில் கடலிலிருந்து வரும், மத்தியானம் மலைப்பக்கம் திரும்பும், சில நாள் நாலு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வீசும். அதற்கேற்ற மட்டையைக் கையில் எடுக்க வேண்டியதுதான். கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் கோபக்காரன் இல்லை, இன்ஸ்பெக்டர். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தேநீருக்கு நன்றி. பால் கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

முதலில் பத்திரிகையில் வந்ததைச் சரிசெய்ய வேண்டும். ‘பார்வையற்ற முன்னாள் சாம்பியன் வழிதவறிக் கடலில் மூழ்கினார்’ என்று போட்டிருக்கிறார்கள். வழிதவறி என்ற அந்தச் சொல் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்கிறது. பதினொரு வருஷம் லாக்லன் மோவாட்டைக் கைபிடித்து அந்த மைதானம் முழுக்க நடத்திக்கொண்டு போனவன் நான். ஒருநாள்கூட அவன் வழிதவறியதில்லை. ஒரு முயல் வளையில்கூட அவன் கால் இடறியதில்லை. அப்படிப்பட்டவனைத் தட்டுத்தடுமாறிக் கடலுக்குள் போனான் என்று எழுதினால், அவனுக்கும் கேவலம், கூட இருந்தவனுக்கும் கேவலம். அதைச் சொல்லத்தான் நானாக நடந்து இங்கே வந்தேன். உங்கள் மேஜைமேல் இருக்கும் பழுப்பு உறைக்குள் அபர்டீனிலிருந்து வந்த கடிதம் இருப்பது எனக்குத் தெரியும். நான் வந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் பெயர் வால்டர் கெட்டிஸ். வாட்டி என்று கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்துநாலு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விதை வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தொன்பது வருஷமாகக் கடிதங்கள் தட்டச்சு செய்கிறேன். லாக்லன் என்னைவிட இரண்டு வயது இளையவன். வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசும் வேலை. கை நிறைய வேலை இருக்கும், வாய் நிறையச் சிரிப்பு இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் தேய்ந்துபோன மட்டைகளை வைத்துக்கொண்டு மணல்மேடுகளுக்கு நடுவே ஆட ஆரம்பித்தோம். அவன் ஐந்து முறை கிளப் சாம்பியன். நான் இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை வந்தேன். இரண்டு முறையும் எதிரே நின்றவன் அவன்தான்.

அறுபத்தாறாம் வருஷ இறுதி ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு ஆடியதுபோல நான் என் வாழ்நாளில் ஆடியதில்லை. பதினேழு குழி முடிந்தபோது இருவரும் சமம். கடைசிக் குழியில் என் பந்து, குழியில் நட்டிருக்கும் கொடியிலிருந்து ஆறடியில் கிடந்தது, அவனுடையது மணற்பள்ளத்தில். அவன் அந்தப் பள்ளத்திலிருந்து நேராகக் குழிக்குள் அடித்தான். நான் ஆறடியைத் தவறவிட்டேன். கைகொடுக்கும்போது அவன் சொன்னான், “அடுத்த வருஷம் உனக்குத்தான்டா வாட்டி. எழுதி வச்சுக்கோ.” மனசார நினைத்துத்தான் சொன்னான். அவனிடம் பொறாமையோ கள்ளமோ கிடையாது. அவனோடு பழகுவதில் இருந்த கஷ்டமே அதுதான்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஜூன் மாதம், ஒரு மாடிப்படியில் சுண்ணாம்பு மூட்டை கிழிந்து அவன் முகத்தில் கொட்டியது. இரண்டு கண்ணும் போய்விட்டன. பால்போல வெளுத்துவிட்டன. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். அவன் மனைவி ஜெசி அதற்கு முந்தின வருஷமே புற்றுநோயில் போய்விட்டாள். பிள்ளை கிடையாது. நாலு மாதம் அவன் அடுப்படி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் தினமும் வேலை முடிந்து அவன் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு வருவேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, “எந்திரிடா, ரெண்டு பந்து அடிச்சிட்டு வருவோம்” என்றேன்.

“கண்ணு போனவன்கிட்ட வந்து நக்கல் பண்றியா?”

“கண்ணு இருந்தப்ப மட்டும் நீ பந்தப் பாத்தா அடிச்ச? வானத்தப் பாத்துக்கிட்டுல்ல அடிப்ப.”

அவன் சிரித்தான். நாலு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவனுக்கு வரவழைத்தது நான் என்பதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

பார்வையில்லாதவன் கோல்ஃப் ஆடுவது உங்களுக்கு விநோதமாக இருக்கலாம். அதில் விநோதம் ஒன்றுமில்லை. அவன் தோள்களைப் பிடித்துத் திருப்பி நிறுத்துவேன். மட்டையின் தலையைப் பந்துக்குப் பின்னால் சரியாக வைப்பேன். ‘நூற்று நாற்பது கஜம், காற்று இடதுபக்கம், கொடி மேட்டுக்குப் பின்னால்’ என்று சொல்லிவிட்டு விலகிவிடுவேன். மீதி அவன் உடம்பில் இருந்தது. முப்பது வருஷம் அடித்த கை மறக்குமா? முதல் நாளிலேயே நாலாவது பந்து குண்டுபோலப் பறந்தது.

அடித்து முடித்ததும் அவன் என் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருப்பான். இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இருபது வருஷம் என்னைத் தோற்கடித்தவன், வாய் லேசாகத் திறந்திருக்க, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டிருப்பான். நான் சொல்லும்வரை அவன் பந்து எங்கேயும் விழுந்திருக்காது. நான் சொன்ன பிறகுதான் விழும்.

ஊர் என்னைக் கொண்டாடியது. தெருவில் என்னை நிறுத்தி, “நல்லா இருக்கீங்களா மிஸ்டர் கெட்டிஸ்? உங்களுக்குப் பெரிய மனசு” என்றார்கள். ரொட்டிக் கடைக்காரி பொட்டலத்தில் இரண்டு ரொட்டி கூடுதலாகப் போட்டாள். தேவாலயத்தில் பிரசங்கத்தில்கூட ஒருமுறை என் பெயர் வந்தது. அதற்கு முன் என்னை யாரும் எதற்காகவும் நிறுத்தியதில்லை.

முதல் இரண்டு வருஷம் நான் சொன்ன பொய்யெல்லாம் நல்ல பொய். பந்து முள்புதருக்குள் போயிருந்தால், ‘ஓரத்தில்தான் நிற்கிறது, ஆடலாம்’ என்று சொல்லிவிட்டு என் பையிலிருந்து வேறொரு பந்தைப் புல்லில் போடுவேன். யாராக இருந்தாலும் அதைச் செய்வார்கள். நீங்களும் செய்வீர்கள். நல்ல பொய்க்கும் மற்றப் பொய்க்கும் நடுவே பெரிய மதில் ஏதோ இருப்பதாக ஜனங்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்த அளவில் அங்கே ஒன்றுமில்லை. நடந்துகொண்டே இருந்தால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வந்துவிடுகிறோம்.

எழுபத்தைந்தாம் வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். அந்த நேரத்தில் ஊருக்குப் புதிதாக வந்திருந்த போதகர் அவனை மைதானத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். லாக்லன் தடியைத் தட்டிக்கொண்டு என் படுக்கைக்கே வந்து அதைச் சொன்னான்.

“எண்பத்தாறே அடியில முடிச்சுட்டேன்டா வாட்டி. கண்ணு போனப்புறம் இவ்வளவு கம்மியா வந்ததே இல்ல. அந்தப் போதகருக்கு கோல்ஃப்ல ஒண்ணும் தெரியாது. ‘நேரா’ன்னாரு, அடிச்சேன், நேரா போச்சு. அவ்வளவுதான் விஷயமே.”

“நல்லது” என்றேன்.

“உனக்கும் ரெஸ்ட் கெடைக்கும்டா. வாரத்துக்கு ஒரு நாள் அவரு வந்தா போதும்ல?”

என் பாரத்தைக் குறைப்பதாக அவன் நினைத்தான். காய்ச்சல் விட்டு நான் மைதானத்துக்குப் போன முதல் நாளிலேயே, கொடிக்குப் பக்கத்தில் விழுந்த அவன் பந்து ஒன்றைக் காலால் மணற்பள்ளத்துக்குள் தள்ளினேன். ஒரே ஒரு பந்து. பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு அல்லது மூன்று. அதற்குமேல் போகமாட்டேன். அவனை அழவைக்க வேண்டும் என்பது என் எண்ணம் இல்லை. என்னோடு ஆடும்போது தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு வந்தது. போதகரோடு ஆடும் நாளில் நானும் கூட நடந்துபோவேன். பந்தைத் தேடுகிற வேலை என்னுடையது. அந்த நாள்களில் நூறு அடிக்குமேல் போனது. மூன்றே மாதத்தில் அவனே போதகரிடம், இனிமேல் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். “நீ இல்லன்னா நான் காலிடா” என்று என் தோளில் கைவைத்தான். அன்றைக்கு அவனுக்கு நல்ல மீன் வாங்கிப் பொரித்துக் கொடுத்தேன்.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அவனுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துக்காட்டுவேன். சனிக்கிழமை மத்தியானம், அவன் அடுப்படி மேஜையில். எழுபத்தெட்டாம் வருஷம் மார்ச் மாதம் அபர்டீன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கண் மருத்துவரின் கடிதம் வந்தது. இரண்டு பத்தி. முதல் பத்தியில், பழைய மருத்துவக் குறிப்புகளையெல்லாம் மறுபடி பார்த்ததாகவும், இடது கண்ணுக்கு ஒன்றும் செய்ய இயலாது என வருந்துவதாகவும் எழுதியிருந்தார். அதை அப்படியே படித்தேன். இரண்டாம் பத்தியில், வலது கண்ணில் புதிய முறையில் விழிப்படலம் மாற்றிப் பார்க்கலாம், நல்ல நம்பிக்கை இருக்கிறது, உடனே வந்து காட்டவும் என்று இருந்தது. அதை நான் படிக்கவில்லை. ‘இப்படிக்கு’ என்று முடித்துவிட்டேன்.

லாக்லன் கொஞ்ச நேரம் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, “சரி. தண்ணியச் சுட வைடா, டீ குடிப்போம்” என்றான்.

நன்றாக யோசித்துத்தான் அதைச் செய்தேன். அந்த மாதிரி அறுவைகளில் பாதிக்குப் பாதி தோற்றுப்போகும் என்று எங்கேயோ படித்திருந்தேன். ஒருதடவை இருட்டுக்குப் பழகியவனைக் கொஞ்ச நாள் வெளிச்சத்தைக் காட்டிவிட்டு மறுபடியும் இருட்டுக்குள் தள்ளுவது கொடுமை. அவனை அந்தக் கொடுமையிலிருந்து காப்பாற்றினேன். மருத்துவருக்கு அலுவலகத்திலேயே பதில் தட்டச்சு செய்தேன். ‘தங்கள் அக்கறைக்கு நன்றி. இருக்கிறபடியே நிம்மதியாக இருக்கிறேன். இது பற்றி மேலும் எழுத வேண்டாம்’ என்று. கையெழுத்துக்கு அவன் விரலைப் பிடித்துத் தாளில் சரியான இடத்தில் வைத்தேன். கிளப் சந்தாப் படிவம் என்று சொன்னேன். கொட்டை எழுத்தில் ‘எல். மோவாட்’ என்று போட்டான். அவன் கையெழுத்து கண் இருந்த காலத்திலும் அப்படித்தான் கோணலாக இருக்கும்.

அதன்பின் நாலு வருஷம். நல்ல வருஷங்கள்தான். வியாழனும் சனியும் ஆடினோம். அவன் கலகலப்பாகவே இருந்தான்.

இந்த வருஷம் மே மாதம் எல்ஸ்பெத் இம்லாக் என்ற நர்ஸ் எங்கள் பக்கத்துக்கு வேலைக்கு வந்தாள். லாக்லனுக்குக் காலில் ஆறாத புண் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் கட்டு மாற்ற வருவாள். முப்பது வயதிருக்கும். கேள்வி கேட்கிற பெண். செப்டம்பர் கடைசியில் ஒருநாள் அவன் வீட்டு வாசலில் என்னை நிறுத்தினாள்.

“மிஸ்டர் கெட்டிஸ், அவருக்கு வர்ற லெட்டரெல்லாம் நீங்கதானே படிச்சுக் காட்டுறீங்க?”

“ஆமாம்மா.”

“இத்தன வருஷத்துல அபர்டீன்லேர்ந்து கண்ணு விஷயமா ஒண்ணும் வரலயா?”

“வந்துச்சே. ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. பாவம், அன்னிக்கு அவன் சாப்பிடக்கூட இல்ல.”

அவள் என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். “அப்படியா” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

போன வியாழக்கிழமை நாங்கள் ஒரு மணிக்கு ஆட ஆரம்பித்தோம். மைதானத்தில் வேறு யாரும் இல்லை. காற்று தென்கிழக்கு, குளிர் அதிகமில்லை. லாக்லன் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. ஆனால் ஆட்டம் பிரமாதம். நான் எட்டாவது குழியில் ஒரு பந்தையும் பதினொன்றில் ஒரு பந்தையும் பள்ளத்தில் போட வேண்டியிருந்தது. பன்னிரண்டாவது குழி முடிந்து நடக்கும்போது, “வர்ற செவ்வாய்க்கிழம எல்ஸ்பெத் என்னைய அபர்டீனுக்குக் கூட்டிட்டுப் போறா” என்றான்.

“எதுக்கு?”

“கண்ணக் காட்டத்தான். இன்னொரு தடவ பாத்தா என்னன்றா அந்தப் பொண்ணு.”

“போயிட்டு வா. பாக்குறதுல என்ன நஷ்டம்?”

கொஞ்ச தூரம் நடந்தோம். அவன் கை என் இடது தோளில் இருந்தது.

“அவ்வளவுதானாடா?”

“என்ன அவ்வளவுதானா?”

“எங்கிட்டச் சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்லியா உனக்கு?”

“காத்து வடக்க திரும்புது. கோட்டுப் பட்டனப் போட்டுக்கோ” என்றேன்.

அவன் நின்று ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டான். பதின்மூன்றாவது குழியை நான் சரியாகப் பார்க்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை அங்கே போனால் பழைய கோப்பை எடுப்பார்கள். என் பதில் கடிதம் அதில் இருக்கும். யாராவது அதைச் சத்தமாகப் படிப்பார்கள்.

பதினான்காவது குழியை நாங்கள் உப்புப்பெட்டி என்போம். நூற்றறுபது கஜம். நடுவில் பெரிய மணல்மேடு. அடிக்கிற இடத்திலிருந்து கொடி தெரியாது. மேட்டுக்குமேல் ஒரு வெள்ளைக் கம்பம் இருக்கும், அதைக் குறிவைத்து அடிக்க வேண்டும். அந்தக் குழியில் கண் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றுதான். வலதுபக்கம் கடற்கரை. எங்கள் கிளப்பில் கடற்கரையும் மைதானத்தில் சேர்த்திதான். பந்து கல்லுக்குள் போனாலும் அங்கிருந்தே ஆட வேண்டும். பழைய விதி.

அவனை நிறுத்தினேன். மட்டையை வைத்தேன். நேர்மையாகத்தான் வைத்தேன், அந்தக் கம்பத்துக்கு நேராக. அவன் அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உலர்ந்த குச்சி ஒடிந்ததுபோல ஒரு சத்தம். பந்து கம்பத்துக்குமேல் போய் மறைந்தது. அவனைக் கீழே நிற்கச்சொல்லி நான் மட்டும் மேட்டில் ஏறினேன். பந்து கொடியிலிருந்து மூன்றடியில் கிடந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் அந்தக் குழியில் அதைவிட நல்ல அடியை நான் பார்த்ததில்லை. கடலுக்குமேல் பனி சுவர்போல எழும்பிக் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

“எங்கடா?” என்று கீழேயிருந்து கேட்டான்.

“வலதுபக்கம் போயிடுச்சு. கீழ, கல்லுக்குள்ள.”

அவன் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்த்தான். பிறகு, “அப்படியா? சரி, அங்கேர்ந்தே ஆடுவோம்” என்றான்.

மரப்படிகள் இருபத்திரண்டு. படியின் தலைமாட்டில் பையை வைத்தேன். அவன் கைத்தடியும் அந்தப் பையில்தான் இருந்தது. மட்டை பிடிக்கும்போது தடி இடைஞ்சல் என்பதால் எப்போதும் அதில்தான் சொருகுவோம். கூழாங்கல்லைத் தாண்டி அறுபது கஜம் கடலுக்குள் தட்டையான பாறை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மாட்டுமுதுகு என்று பெயர். வற்றின நேரத்தில் கால் நனையாமல் போய்விடலாம். அன்றைக்குத் தண்ணீர் இரண்டே முக்காலுக்கு ஏறத் தொடங்கியது. நாங்கள் பாறைக்குப் போனபோது மூன்றே கால். அங்கே தண்ணீர் முன்னாலிருந்து வராது. கரைக்கும் பாறைக்கும் நடுவில் இருக்கிற பள்ளம்தான் முதலில் நிரம்பும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். நேரம் மட்டும் அவனுக்குத் தெரியாது. கேட்டபோது இரண்டரை என்று சொல்லியிருந்தேன்.

பாறையின் நுனியில் அவனை நிறுத்தினேன். “இங்கயே நில்லு. பாசி வழுக்கும், நகராத. குட்ட மட்ட வேணும், பை மேல இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்.”

“நீ வருவேல்ல?”

பதினொரு வருஷத்தில் அவன் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. “வரேன்” என்றேன்.

பனி அதற்குள் பாறையை மூடிவிட்டது. படியேறிப் பையை எடுத்துக்கொண்டு கொடியருகே போனேன். அவன் பந்தைக் கீழே விட்டுவிட்டு வருவது முறையாகப் படவில்லை. அவன் மட்டையாலேயே அதைக் குழிக்குள் தட்டினேன். அவன் அடித்தது ஒன்று, இது ஒன்று. அவன் ஆட்ட அட்டையில் இரண்டு என்று எழுதினேன். அடுத்த குழி தொடங்குகிற இடத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்தேன்.

நாற்பது நிமிஷம் இருந்தேன். அவன் பயப்படுகிறானா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முதலில், “வாட்டி, எத்தன கஜம்?” என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அதிலும் பதற்றம் இல்லை. அடுப்படியிலிருந்து ‘டீ போடட்டுமா’ என்று கேட்கக் கூப்பிடுவதுபோல இருந்தது. அதற்குப் பிறகு அலைச் சத்தம் மட்டும்தான். நான் அவன்மேல் கைவைக்கவில்லை. தள்ளவில்லை. நில் என்று சொன்ன இடத்தில் அவன் நின்றான்.

கிளப்புக்குப் போய் வாற்கோதுமை சூப் சாப்பிட்டேன். “லாக்லன் எங்க?” என்று பாரில் இருந்தவன் கேட்டான். கால் வலிக்கிறது என்று அவன் சொன்னதால் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தேன் என்றேன். சூப் நன்றாக இருந்தது. இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை கட்டு மாற்ற வந்த நர்ஸ்தான் படுக்கை கலையாமல் இருப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டாள். தேடப் போனவர்களில் நானும் ஒருவன். எல்லோரையும்விடச் சத்தமாக அவன் பெயரைக் கூப்பிட்டவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை துறைமுகச் சுவரோரம் ஒதுங்கினான். கோட்டுப் பட்டன் எல்லாம் போட்டபடியே இருந்தன.

ஏன் என்று கேட்கிறீர்கள். வெறுப்பு என்று எழுதாதீர்கள். உலகத்தில் அவனைத் தவிர எனக்கு வேறு யாருமில்லை. செவ்வாய்க்கிழமை அவன் போயிருந்தால், ஒருவேளை அடுத்த கோடையில் அவனுக்குப் பார்வை வந்திருக்கும். வந்திருந்தால் அவன் முதலில் என் முகத்தைத்தான் பார்த்திருப்பான். பதினொரு வருஷம் கழித்து, எல்லாம் தெரிந்த பிறகு, என் முகத்தை. அதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்து அவன் மனசு உடைவதை நான் விரும்பவில்லை. தெரியாமலேயே போனான். என்னை நம்பியபடியே போனான். அந்த அளவுக்கு நான் அவனுக்கு நல்லது செய்திருக்கிறேன்.

அது என்ன தாள்? நர்ஸ் கொடுத்த வாக்குமூலமா? படியுங்கள்.

இன்னொரு தடவை படிக்க முடியுமா, அந்தப் புதன்கிழமை பகுதியை மட்டும்.

அபர்டீனிலிருந்து பழைய பதில் கடிதத்தின் நகலை வரவழைத்து புதன்கிழமையே அவனுக்குப் படித்துக்காட்டிவிட்டாள் என்கிறாள். அவன் கோபப்படவில்லையாம். “அது வாட்டி எழுதினதும்மா. பந்து விஷயமும் அப்படித்தான். அடிச்ச கைக்குத் தெரியாதா பந்து எங்க போச்சுன்னு? அவன் மணல்ல போட்ட பந்து ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும்” என்றானாம். தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று இவள் கேட்டாளாம். “அவனுக்கு வேற என்ன இருக்கு சொல்லு? ஆனா லெட்டர் விஷயம் அப்படி விட முடியாது. நாளைக்கு ஆடும்போது நானே பேச்சுக் கொடுத்துப் பாக்குறேன். சொல்லிடுவான். கெட்டவன் இல்ல அவன்.”

அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். அவள் வெளியூர்க்காரி. அவளுக்கு அவனைத் தெரிந்ததே ஐந்து மாதம்தான்.

சொன்னான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் உப்புப்பெட்டியில் அவன் பந்து கொடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்று அவன் கைக்குத் தெரியும். கீழே கல்லுக்குள் ஒன்றுமில்லை என்றும் தெரியும். தெரிந்தேதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த இருபத்திரண்டு படியும் இறங்கியிருக்கிறான். தெரிந்து வந்தவனை நான் ஏமாற்றிக் கூட்டிப்போனேன் என்று எப்படி எழுத முடியும், இன்ஸ்பெக்டர்? அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள். பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.